ஆறு பேர் சேர வேண்டும்

என் மகளுக்கு ஒரு நோய் இருக்க வேண்டும் என்று நான் ஜெபம் செய்திருக்கிறேன். விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த வராந்தாவில் பதினான்கு நாற்காலிகள் கிடந்தன. அவற்றில் இரண்டுக்குக் கால் ஆடும். சன்னலுக்குப் பதினாறு கம்பி. கேட்கிற தகப்பன் கேட்கக் கூடாததைக் கேட்கிறான் என்று எனக்கும் தெரிந்திருந்தது. வேறு எதைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மகளுக்கு முன்பு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. முதலாவது நான்காம் மாதம் போயிற்று. இரண்டாவது ஐந்தாம் மாதம். ஸ்கேனில் குறை இல்லை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று இரண்டு முறையும் சொன்னார்கள். ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் அவள். ஒரு வகுப்பு முழுவதும் அடுத்தவர் பிள்ளைகள். மாப்பிள்ளை வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறார். என் மனைவி காலமாகிவிட்டாள். ஆகவே மூன்றாவது முறை அவளுக்கு உதிரம் படத் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் ஒருவன்தான் இருந்தேன். ராத்துணைக்குப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா வந்தார். அவர் ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் சபையைச் சேர்ந்தவர். நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் ஸ்டோர் பார்த்தவன். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டுத் தாள் கட்டு எண்ணுகிற வேலைக்குப் போனேன். அந்த வேலை முடிந்து பல வருடங்களாகியும் எண்ணுவது நிற்கவில்லை. மகள் படுத்திருந்த வார்டில் ஒன்பது கட்டில்கள். அவளுடையது சுவரோரம், ஏழாவது. அவளுக்கு மேலே ஓடிய மின்விசிறி மட்டும் டக் டக் என்று சத்தம் போட்டது. நான் மூன்று முறை புகார் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னைக் கண்டால் வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

அங்கிருந்த பெண் டாக்டர்தான் முதன்முதலாக ஒரு காரணம் இருக்கலாம் என்று சொன்னார். சிலருடைய ரத்தத்தில், கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புப் பொருள், தடம் மாறிப்போய்ச் சொந்த உடம்பையே தாக்கும். அப்படிப்பட்ட ஒரு வகை இருந்தால் நச்சுக்கொடியில் ரத்தம் உறைந்துவிடும். பிள்ளைக்குப் போக வேண்டியது போகாது. தாய்க்கு வெளியில் ஒன்றும் தெரியாது. அது இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாம். இருந்தால் ஊசி உண்டு. தினம் ஒன்று வயிற்றில் போட்டுக்கொண்டே வந்தால் பிள்ளை தங்குவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அப்படியானால் இன்றைக்கே ஊசியை ஆரம்பியுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது ரத்தத்தை உறைய விடாமல் செய்கிற ஊசி. மகளுக்கு ஏற்கெனவே உதிரம் பட்டுக்கொண்டிருக்கிறது. காரணம் நிச்சயமாகத் தெரியாமல் போட்டால் ஊசியே பிள்ளையையும் தாயையும் கொண்டுபோய்விடும். “டெஸ்ட்ல வரணும் சார். வந்தாத்தான் நான் துணிஞ்சு போடுவேன்” என்றார்.

அன்றிலிருந்துதான் என் ஜெபம் மாறியது. ரத்தத்தில் அது இருந்தால் வழி உண்டு. இல்லையென்றால் வழியே இல்லை.

முதலில் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினோம். ரத்தம் எடுத்து அனுப்புகிற ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் அதைத் தெர்மகோல் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். தீபாவளிக்கு முந்தைய நேரம். பஸ் முழுக்கப் பட்டாசுப் பைகளும் ஆட்களும். பெட்டி எங்கே வைக்கப்பட்டு எப்படிக் குலுங்கியதோ, ரத்தம் சிதைந்துவிட்டது, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று போனில் தகவல் வந்தது. நானே கையில் பிடித்துக்கொண்டு போகிறேன் என்றேன். மதுரையிலும் இந்த டெஸ்ட் செய்வதில்லை, அங்கிருந்து சென்னைக்குத்தான் போகும், முடிவு வர இன்னும் அதிக நாளாகும் என்று டாக்டர் சொன்னார். பிறகு, ஏதோ யோசித்தவராக, இங்கேயே நம் லேபுக்கு இப்போது அதற்கான கிட் வந்திருக்கிறதாம், போய்க் கேளுங்கள் என்றார்.

லேபில் இருந்தது ஒரே ஒரு டெக்னீஷியன். மல்லாங்கிணற்றிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற பெண். நான் கேட்டதும் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். கிட் என்பது செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கையகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, சில சிறு புட்டிகள். தட்டில் பன்னிரண்டு பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் எட்டுக் குட்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றும் பயறு மணி அளவு. ஆக தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு பேருக்குப் பார்க்கலாமே, ஒருத்திக்குப் பார்க்க என்ன தடை என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு முறை கிட்டைத் திறக்கும்போதும் முதல் பட்டை முழுவதும், அளவு ஏற்கெனவே தெரிந்த ரத்தநீருக்குப் போய்விடும். ஆறு கிண்ணம் அளவுகோலுக்கு, இரண்டு சரிபார்ப்பதற்கு. அதோடு ஒப்பிட்டால்தான் நம் ஆட்களுடைய ரத்தம் எவ்வளவு என்று சொல்ல முடியும். ஒருத்திக்குப் பார்த்தாலும் அந்தப் பட்டை போகும். எட்டுப் பேருக்குப் பார்த்தாலும் அதே ஒரு பட்டைதான் போகும். ஒவ்வொருவருக்காகத் திறந்துகொண்டிருந்தால் பாதிக் கிட் அளவுகோலுக்கே தீர்ந்துவிடும். அடுத்த கிட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆறு பேராவது சேர்ந்தால்தான் திறக்க வேண்டும் என்று நிர்வாகம் ஏற்பாடு செய்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. ஸ்டோர் என் பொறுப்பில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். வயிற்றெரிச்சல் அதனால் இன்னும் கூடியது.

“இப்ப எத்தனை பேரும்மா சேந்திருக்கு?”

“உங்க மகளோட சேத்து மூணு. இன்னும் மூணு வேணும்ங்கய்யா.”

“எப்ப சேரும்?”

“எப்படிச் சொல்றது? தீபாவளி வரைக்கும் கஷ்டம்தான். சீசன்ல எவுக வேலைய விட்டுட்டு ரத்தம் குடுக்க வாராக?”

அது உண்மை. எங்கள் பக்கத்தில் நோய்கூட தீபாவளி முடிந்துதான் வரும். அதற்கு முன் கை வலித்தாலும் கால் வீங்கினாலும், மெடிக்கலில் ஒரு வேளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆலை வேனில் ஏறிவிடுவார்கள். பட்டாசு ஆலையில் மட்டுமல்ல. காலண்டர் அடிக்கிற அச்சகத்திலும் அப்படித்தான். நானே அப்படி இருந்தவன்.

சரி, மூன்று பேர்தானே, நானே சேர்க்கிறேன் என்று கிளம்பினேன்.

யாரை வேண்டுமானாலும் பிடித்து வர முடியாது. டாக்டர் சீட்டு எழுத வேண்டும். காலிலோ வேறெங்கோ ரத்தம் கட்டியவர்கள், பிள்ளை தங்காதவர்கள், இப்படிப்பட்டவர்களுக்குத்தான் எழுதுவேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவராக விசாரித்தேன். மூட்டுவலி உள்ளவர்கள் இருபத்துமூன்று பேர். அவர்கள் எனக்குப் பயன்படவில்லை. வீட்டில் யாருக்காவது பிள்ளை கலைந்ததுண்டா என்று கேட்டபோது ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் மருமகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவர் எனக்குத் தோத்திரம் சொல்வதில்லை.

பஸ்ஸில் ஏறினால் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கால்களைப் பார்த்தேன். சிவகாசியிலிருந்து விருதுநகர் போய்ச் சேருவதற்குள் வீங்கிய கால்கள் ஏழு. அதில் ஒரு கால் மட்டும் வீங்கியவர்கள் மூவர். ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். யானைக்கால் என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது. அப்போது அதுகூட இல்லை. ஏழில் ஒன்று கழிந்தது என்று மட்டும் நினைத்தேன்.

ராத்துணைக்கு வந்த நர்ஸம்மாவுக்கு நான்கு வருடத்துக்கு முன் வலக்கண்ணில் ரத்தக்குழாய் அடைத்துப் பார்வை மங்கியிருந்தது. அது எனக்கு ஞாபகம் வரவே இரண்டு நாளாயிற்று. கேட்டதும் அவர் சிரித்தார்.

“எல்லாரும் தேர் இழுக்க ஆள் சேப்பாக. நீங்க ஊசி குத்த ஆள் சேக்கீக அண்ணாச்சி. சரி, இம்புட்டு வருசமா ஊருக்கெல்லாம் நான் குத்தினேன், எனக்கு ஒருத்தி குத்தட்டும்.”

அவர் நான்காவது ஆள் என்று எண்ணிக்கொண்டேன். இன்னும் இருவர்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஆனைக்குட்டம் தாண்டி ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. போன வருடம் அவளுக்கு இடது கால் வீங்கி, கருத்து, ரத்தம் கட்டியிருக்கிறது என்று சொல்லி நாலைந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இதே டெஸ்ட்டை அவளுக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்று நர்ஸம்மாதான் சொன்னார். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள், சீசன் முடிந்ததும் கால் வலியில்லை என்று விட்டுவிட்டாளாம்.

காலையில் வேன் வருகிற இடத்துக்கே போய்விட்டேன். பன்னிரண்டு பேர் உட்காருகிற வேனில் பத்தொன்பது பெண்கள். அவள் கதவோரம் கால் நீட்ட வசதியாக உட்கார்ந்திருந்தாள். காலுக்கு நல்லது, இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது, பின்னால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வேனுக்குள் பேச்சு அடங்கிவிட்டது.

“தீபாவளிக்கு முந்தி லீவு கேட்டா போர்மேன் என்னையக் கொளுத்திப் போட்டுருவாரு ஐயா” என்றாள். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

அரை நாள் போதும் என்று கெஞ்சினேன்.

“எங்காலுக்காகவா வந்து நிக்கீக? உங்க மகளுக்காக நிக்கீக. ஊரெல்லாம் பேசுது. அத நேரா சொல்லிக் கேளுங்க, வாரேன்.”

நேராகச் சொன்னேன். மகளுக்காகத்தான் என்றேன். அவள் சொன்னபடி மறுநாளே வந்தாள்.

ஆறாவது ஆள் கிடைக்கவில்லை. காரியாபட்டியில் என் பழைய அச்சக நண்பருடைய தங்கை ஒருவர் வருவதாகச் சொல்லிக் கடைசியில் வரவில்லை. எனக்கே எழுதுங்கள் என்று டாக்டரிடம் போய் நின்றேன். உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஆறாவது கிண்ணம் காலியாக இருக்கிறது என்றேன். இதற்கு எழுத முடியாது என்றவர், நான் அங்கிருந்து நகராமல் நின்றதைப் பார்த்து, பேனாவை மூடித் திறந்து மூடி, கடைசியில் எழுதிக் கொடுத்தார்.

லேபில் ரத்தநீர்க் குழாய்களை வந்த வரிசையில் ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டேன். முதல் இரண்டும் எனக்குத் தெரியாத யாரோ. மூன்றாவது என் மகளுடையது. நான்காவது சரம் பின்னுகிற பெண். ராத்துணை முடிந்து வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டதால் நர்ஸம்மா தாமதமாகத்தான் கொடுத்தார், அதனால் ஐந்தாவது. ஆறாவது நான். இதே வரிசையில்தான் கிண்ணத்திலும் ஊற்றுவேன் என்று டெக்னீஷியன் சொன்னார்.

அடுத்த நாள் டெஸ்ட். உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றேன். கண்ணாடிக்கு எதிரே மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து வேலை செய்தார். ரத்தநீரைக் கரைசலில் கலந்து, நுனி மெலிந்த ஒரு கருவியால் உறிஞ்சி, ஒவ்வொரு கிண்ணத்திலும் விட்டார். காத்திருந்தார். கவிழ்த்துத் தட்டிக் கழுவினார். இன்னொரு புட்டியிலிருந்து விட்டார். மறுபடி காத்திருந்தார், கழுவினார். அவ்வளவு நேரமும் எல்லாக் கிண்ணமும் தண்ணீர் போலவே இருந்தன. எனக்குக் கால் மரத்துப்போயிற்று. கடைசியாக ஒரு புட்டியை எடுத்தபோது, இதுதான் நிறம் காட்டுகிற மருந்து என்று எனக்குப் புரிந்தது.

முதல் பட்டையில் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் ஏறியது. லேசிலிருந்து அடர்த்தி வரை, அச்சகத்தில் நிற அளவு பார்க்க ஓரத்தில் அடிக்கிற கட்டங்களைப் போல. அது அளவுகோல். என் கண் இரண்டாவது பட்டையில் இருந்தது. அதில் ஒரே ஒரு கிண்ணத்தில், முதலில் ஒரு நிழல் போல, பிறகு சந்தேகமே இல்லாமல், நீலம் எழும்பி வந்தது. இடப்பக்கத்திலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது. மறுபடி எண்ணினேன். மூன்றாவதுதான். அவர் அமிலம் விட்டதும் நீலம் நல்ல மஞ்சளாக மாறியது. மற்றவை வெளுத்தே கிடந்தன.

நான் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. இந்த வயதில் மாடிப்படியில் ஓடினேன். ஏழாவது கட்டிலுக்குப் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்டுபிடித்துவிட்டார்கள், இருக்கிறது, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரிகளும் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவரும் அழுதது எனக்குக் கேட்டது. எனக்குத் தெரிந்து அந்த வார்டில் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்த வேறு கட்டில் இல்லை.

மாலையில் ரிப்போர்ட் வந்தது. மகளுக்கு இல்லை. எனக்கு இல்லை, நர்ஸம்மாவுக்கும் இல்லை. சரம் பின்னுகிற பெண்ணுக்கு இருந்தது, அதுவும் மிக அதிகமாக.

குழாய் மாறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை, அது எனக்கு நிச்சயமாகவே தெரிந்தது. என் கண்ணால் எண்ணிப் பார்த்திருக்கிறேன். லேபுக்குப் போய்க் கத்தினேன். மூன்றாவது என் மகள், மூன்றாவதுதான் மஞ்சள், நாலாவது ஆளுக்கு எப்படிப் போடுவாய், ஒரு உயிர் சம்பந்தப்பட்டது என்று என்னவெல்லாமோ சொன்னேன். அந்தப் பெண்ணும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து நேரே ரிப்போர்ட் வாங்க வந்திருந்தாள். நகக்கண்ணில் வெள்ளிப்பொடி ஒட்டியிருந்தது. அவளைக் காட்டி, இது இவளுடையது இல்லை, என் மகளுடையது என்று சொன்னேன். ஒரு நோயைத் திருட்டுக் கொடுத்தவன் போலச் சொன்னேன்.

டெக்னீஷியன் எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

“உள்ள வாங்கய்யா. நான் உக்காந்த இடத்துல உக்காருங்க. இங்கன இருந்து எண்ணுங்க.”

தட்டு இன்னும் மேசையிலேயே இருந்தது. அதன் விளிம்பில் ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருந்தன, அவர் பக்கம் பார்த்தபடி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடப்பக்கத்திலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றும் வெளுப்பு. நான்காவது மஞ்சள். அதற்குப் பிறகு இரண்டு வெளுப்பு. கடைசியில் இரண்டு கிண்ணம் ஒன்றுமே ஊற்றாமல் காலி. எழுந்து வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காலிக் கிண்ணங்கள் இரண்டும் இப்போது என் இடப்பக்கம் இருந்தன. நான் அவற்றை விட்டுவிட்டு, ஊற்றிய ஆறை மட்டும் எண்ணியிருக்கிறேன். என் பக்கத்திலிருந்து முதலாவதாக இருந்தது நானே. இரண்டாவது நர்ஸம்மா. மூன்றாவது அந்தப் பெண். ஆறில் இந்தப் பக்கம் மூன்றாவது, அந்தப் பக்கம் நான்காவது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிகிற கணக்கு.

கதவருகே நான் நின்றுவிட்டேன். அந்தப் பெண்தான் பேசினாள்.

“ஐயா, இது உங்க மகளுக்கே இருக்கட்டும்னு நான் சொன்னா, மாத்திக் குடுப்பாகளா?”

அவள் என்னைக் குத்திச் சொன்னாளா, இரங்கிச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கொடுப்பார்களா என்று ஒரு கணம் நானும் யோசித்தேன். அது மட்டும் எனக்குத் தெரியும்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டபோது, நர்ஸம்மாவும் நானும் கதவுக்கு வெளியே இருந்தோம். கதவு சாத்தவில்லை. எத்தனை பிள்ளை என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். தங்கவே இல்லையா என்றார். மூன்று தங்கிக் கலைந்தது, பட்டாசு மருந்தில் வேலை செய்கிறவளுக்கு அப்படித்தான் ஆகும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி என்று விட்டுவிட்டேன் என்றாள். சோற்றில் உப்பு குறைந்தது என்று சொல்வது போலச் சொன்னாள். அவளோடு வேலை செய்கிற மற்றப் பெண்களுக்கெல்லாம் பிள்ளை தங்குகிறதே என்று டாக்டர் கேட்டார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடு அது. அவளிடம் நான் காலைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தேன்.

மகளிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நர்ஸம்மாவை அனுப்பினேன். நான் வார்டு வாசலில், பார்வையில் படாமல் நின்றேன்.

“அப்ப எனக்கு ஊசி கிடையாதா?” என்று மகள் கேட்டது காதில் விழுந்தது.

உனக்கு நோய் இல்லை என்றால் நல்லதுதானே என்று நர்ஸம்மா சொல்லிப் பார்த்தார். நான் டாக்டரிடம் போய், டெஸ்ட்டில் வராவிட்டாலும் ஊசியைப் போட்டுப் பாருங்கள், ஏதாவது ஆனால் நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தாலும் உதிரம் நிற்காது சார் என்று அவர் சொன்னார். இந்த வகையில் இல்லாத வேறு எதிர்ப்புப் பொருள் இருக்கலாம், அதற்கு வேறு கிட், வேறு ஊர், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பிள்ளை போய்விட்டது. ஆறாம் மாதம் தொடங்கியிருந்தது. ஆண் பிள்ளை. கை விரல் பத்தும் கால் விரல் பத்தும் சரியாக இருந்தன. காரணம் தெரியவில்லை என்று மூன்றாவது முறையாகச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்தோம். போதகரோடு சேர்த்து ஏழு பேர் வந்திருந்தார்கள். ஊர் முழுக்க வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சோதனைக்கு வெடிக்கிறவர்கள் வெடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு.

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, ஒரு நாள் சாயங்காலம், வேனிலிருந்து இறங்கி நேரே அந்தப் பெண் வந்தாள். வாசலிலேயே கை கால் கழுவிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைக் காட்டினேன். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. உள்ளே போய், மகள் படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். சில மாதம் கழித்து ரத்தத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம், அப்போதும் இருந்தால்தான் உறுதியாம். அது இருந்தாலும் இனிமேல் பிள்ளை தங்க வழியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். நாற்பதில் எனக்கெதற்கு என்று சிரித்தாளாம். இதையெல்லாம் அவள் மகளிடம் மெதுவாகச் சொன்னாள். அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். போய்க் கதவில் நின்றேன்.

“நீங்க வேன்ல வந்து நிக்கலேன்னா நான் போயிருக்கவே மாட்டேன் ஐயா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

இதைக் கேட்பதைவிட அவளிடம் நான் அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. சரி என்றோ பரவாயில்லை என்றோ ஏதோ சொன்னேன். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், திரும்பினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை.

“அக்கா, உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு என்னக்கா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் நர்ஸம்மா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் இல்லை. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது, ஒன்று.

அந்தப் பெண் எழுந்து கட்டிலில் ஏறி, மகளுடைய தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து மகள் தலை சீவவில்லை. பின்னல் சிக்குப்பிடித்துக் கிடந்தது. சரம் பின்னிப் பழகிய விரல்களால் அவள் அதை நுனியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். வலிக்கிறது என்று மகள் சொன்னாள். பொறுத்துக்கோ என்று அவள் சொன்னாள். இரண்டாவது விசிலும் வந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.